பை மட்டும் ஏறிப்போன லிஃப்ட்

லிஃப்ட் பழுதுபார்க்கிறவர்களின் தலையெழுத்து கொஞ்சம் கோணலானது. ஓடுகிற லிஃப்டுக்கு அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை, நின்றுபோன லிஃப்டுக்குத்தான் கூப்பிடுவார்கள். அதை இழுக்கிற இயந்திரமோ கட்டிடத்தின் உச்சியில், மொட்டைமாடிக்கும் மேலே ஓர் அறையில் குந்தியிருக்கும். அப்புறம் என்ன, படிதான். ஊரையே நோகாமல் மாடியேற்றிவிடுகிற ஆளுக்கு லிஃப்ட் கிடையாது.

ஏணியக்காவுக்கு அந்தப் பெயர் வந்ததும் இப்படித்தான். பாலிடெக்னிக் முடித்துவிட்டு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் அவள் சான்றிதழைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "படி ஏறுவியாம்மா?" என்று கேட்டார். "இறங்கவும் செய்வேன் சார்" என்றாள். வேலை கிடைத்தது. அன்றிலிருந்து அந்தக் கம்பெனியில் படியென்றால் அவள்தான், அவளென்றால் படிதான். சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டில் மட்டுமே பார்க்கலாம். வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை. நின்ற லிஃப்ட் மறுபடி மூச்சுவிட்டு, கதவு திறந்து, வெளியே காத்திருந்தவர்கள் எதுவுமே நடக்காத மாதிரி உள்ளே நுழைவார்கள் பாருங்கள், அந்த நிமிடத்துக்காக எத்தனை மாடி வேண்டுமானாலும் ஏறுவாள். ஒருத்தரும் நன்றி சொல்லமாட்டார்கள். கைப்பேசியைப் பார்த்தபடியே பொத்தானை அமுக்குவார்கள். அவள் பாட்டுக்குச் சிரித்துக்கொள்வாள்.

இப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தவளின் முதுகு, நாற்பத்தைந்தைத் தாண்டியதும் மக்கர் செய்ய ஆரம்பித்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நடக்கலாம், படி ஏறலாம், ஒண்ணும் ஆகாது. ஆனா தோள்ல கனம் மாட்டக்கூடாது. மாட்டுனீங்கன்னா அப்புறம் நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டார்.

கனம் என்றால் வேறென்ன, மடிக்கணினிதான். இந்தக் காலத்து லிஃப்டை ஸ்பேனரை மட்டும் வைத்துக்கொண்டு சரிசெய்ய முடியாது. மேலே இருக்கிற கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒயரைச் செருகி, எந்த நொடியில் என்ன கோளாறு என்று அதன் வாயிலிருந்தே பிடுங்கவேண்டும். அதற்காகக் கம்பெனி கொடுத்திருந்த பழைய மடிக்கணினிக்கு அவள் வைத்த பெயர் குண்டம்மா. மூன்று கிலோவுக்கு ஒரு பிடி குறைச்சல். எல்லா ஓட்டைகளும் உடம்பிலேயே உண்டு, எந்த ஒயரைக் கொண்டுபோனாலும் வாங்கிக்கொள்ளும். ஆனால் தூக்கவேண்டுமே!

டாக்டர் சொன்னதை மேலாளரிடம் சொன்னாள். நல்ல மனுஷர்தான். ஒரு காலத்தில் அவரும் படியேறியவர். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து தொப்பை போட்டுவிட்டது.

"பேசாம உள்ள வந்துருங்க. புகார் மேசையில ஒரு நாற்காலி காலியாகப் போகுது. ஹெட்போன மாட்டிக்கிட்டு உக்காந்தா முதுகுக்கு நிம்மதி" என்றார்.

அந்த நாற்காலியை அவள் அறிவாள். யாரோ பிரசவ விடுப்பில் போனபோது கொஞ்ச நாள் அதில் உட்கார்ந்திருக்கிறாள். எங்கேயோ ஒருத்தர் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டே பேசுவார். இவள் கை இங்கே சும்மா மேசைமேல் கிடக்கும். "ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க" என்று சொல்வதைத் தவிர ஒரு மண்ணும் செய்யமுடியாது. அந்த நாள்களில் வீட்டுக்கு வந்து சோறு இறங்காமல் எழுந்திருக்கிறாள். திரும்ப அந்த நாற்காலியா? செத்தாலும் வேண்டாம்.

"சார், முதுகுக்குப் படி ஒத்துக்குது, பைதான் ஒத்துக்கல. லேசா ஒரு லேப்டாப் குடுங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மேலாளர் தாடையைத் தடவினார். "சரி. இந்த மாசம் முடியறவரைக்கும் பாப்போம். முதுகுன்னு ஒரு நாள் படுத்துட்டீங்க, இல்ல ஒரு வேலையப் பாதியில விட்டுட்டு வந்தீங்க, அப்புறம் நாற்காலிதான். சம்மதமா?"

"சம்மதம் சார்."

மறுநாள் அவர் மேசையில் இரண்டு புது மடிக்கணினிகள் காத்திருந்தன. ஒன்று சாப்பாட்டுத் தட்டைப் போல மெலிசு, ஒரு கிலோகூட இல்லை. விளிம்பில் எறும்பு நுழைகிற அளவுக்கு இரண்டே இரண்டு துளை. இன்னொன்று அதைவிடத் தடிமன், அரைக் கிலோ கூடுதல். ஆனால் நெட்வொர்க் ஒயருக்கு ஓட்டை, பழைய யூஎஸ்பிக்கு ஓட்டை, மெமரி கார்டுக்கு ஒரு கீறல், கழற்றி மாட்டுகிற பேட்டரி என்று குண்டம்மாவின் தங்கை மாதிரி இருந்தது. ஏணியக்கா ஒரு கையில் ஒன்றாக இரண்டையும் தூக்கிப் பார்த்தாள். மூளை என்ன சொல்லியிருக்குமோ தெரியாது, முதுகு முந்திக்கொண்டது. மெலிசைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டினாள். அதற்கு ஒல்லிக்குச்சி என்று அன்றைக்கே பெயர் வைத்தாயிற்று.

முதல் இரண்டு நாள் பறந்தாள் என்றுதான் சொல்லவேண்டும். மூன்றாம் நாள் ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டின் உச்சியில் நின்றுகொண்டு நெட்வொர்க் ஒயரை எங்கே செருகுவது என்று தேடினாள். ஒல்லிக்குச்சிக்கு அந்த வாயே கிடையாது. மளமளவென்று கீழே இறங்கி, கடை தேடிப் போய் ஓர் இணைப்பானை வாங்கிவந்து செருகினாள். அடுத்த கட்டிடத்தில், மென்பொருளைத் திறக்கிற கம்பெனிச் சாவிக்குப் பழைய யூஎஸ்பி ஓட்டை வேண்டியிருந்தது. அதற்கு ஓர் இணைப்பான். மெமரி கார்டுக்கு ஒன்று. இருக்கிற இரண்டு துளையில் இத்தனையும் எப்படி? அதற்கு ஒரு பலவழிப் பெட்டி. அந்தப் பெட்டி கரண்டைக் குடித்துத் தீர்த்ததால் ஒரு பவர் பேங்க். இதற்குள் ஓர் இணைப்பான் உச்சியில் வைத்துக் காலை வாரிவிட்டது. நாற்காலி கண்முன்னே வந்து நின்றது. அன்று மாலையே எல்லாவற்றிலும் உபரியாக ஒவ்வொன்று வாங்கிப் பையில் போட்டாள்.

அவள் வீட்டுக்காரர் பார்சல் ஆபீசில் எடைபோட்டு வாங்குகிற வேலையில் இருக்கிறவர். எதையாவது தூக்காமல் அவர் கைக்குப் பொழுது போகாது. உறவுக்காரர் குழந்தையைக் கொஞ்சுவதற்குத் தூக்கினாலும், "போன தடவைக்கு இப்ப அரைக் கிலோ ஏறியிருக்கு" என்பார். வாசலில் கிடந்த பையை அவர் ஒதுக்கி வைக்கப் போனார். அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா, லேசான லேப்டாப்புன்னு சொன்னியே?"

"ஆமா, அதுக்கென்ன?"

"இது பழச விடக் கனமா இருக்கே!"

"உங்களுக்கு எதத் தொட்டாலும் தராசு நெனப்புதான்" என்று அவள் எரிந்து விழுந்தாள். அவர் பையைத் திறந்து ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பினார். ஒல்லிக்குச்சி ஓர் ஓரத்தில் பரிதாபமாகக் கிடந்தது. கூடம் முழுக்க வால்களும் கொம்புகளும்.

"இது ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு கெட்டுப்போனா?"

"இந்த ரெண்டு?"

"அது தொலஞ்சுபோனா?"

அவர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "இதுல பாதிதான் சாமான். மீதி எல்லாம் உன் பயம். அத எங்க ஆபீசுல எடைபோட முடியாது" என்றார். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் சொன்னது சரி என்பதுதான் கோபத்துக்குக் காரணம். ஆனாலும் எல்லாவற்றையும் பொறுக்கித் திரும்பப் பையிலேயே போட்டாள். எதை விட்டுவிட்டுப் போவது? விட்டுப்போன பொருளைத்தானே அந்த இயந்திரம் கேட்கும்.

மாதம் முடிய இரண்டொரு நாள் இருக்கையில் அந்த அழைப்பு வந்தது. புகார் மேசையில் இருக்கிற பெண்ணுக்கு அலுவலகத்தில் தேன்குரல் என்று பெயர். எப்போது பேசினாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, எங்க இருக்கீங்க?" ஏணியக்காவின் பதிலும் ஒன்றுதான்: "படியில."

"அக்கா, அந்த டீச்சர் கட்டடத்துல மறுபடியும் புகார். மேலாளரும் நேர்ல வர்றேன்னு சொல்லிட்டாரு. அவங்க ரொம்பத் திட்டிட்டாங்களாம்."

டீச்சர் என்பது அந்தக் கட்டிடத்தின் மேல்மாடியில் தனியாகக் குடியிருக்கிற ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு, நாக்கு மட்டும் சாணை பிடித்தது. லிஃப்ட் நடுவழியில் நின்றுவிடுகிறது, அதுவும் தான் தனியாகப் போகும்போது மட்டும்தான் நிற்கிறது என்று அவர் எத்தனையோ தரம் புகார் செய்துவிட்டார். ஒவ்வொரு முறையும் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து, சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கி, "நல்லாத்தானே ஓடுது" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். லிஃப்டுக்கு ஆள் பார்த்து நிற்கத் தெரியுமா என்று கேட்டு ஒருத்தன் சிரித்திருக்கிறான். அன்றைக்கும் டீச்சர் உள்ளே மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் தானாகவே கிளம்பி அவரை மேல்மாடியில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

ஏணியக்கா போய்ச் சேர்ந்தபோது காவலாளி லிஃப்டைக் கீழே வரவழைத்து, முன்னே சங்கிலியைக் கட்டி, பழுது என்று அட்டை மாட்டியிருந்தார். பெட்டி கீழ்த்தளத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சமத்தாக நின்றது. அவள் பையைத் தோளில் ஏற்றினாள். இடுப்பில் சுரீர் என்றது. நிமிர்ந்து படியைப் பார்த்தாள். அது மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது.

இங்கேதான் புத்தி புல் மேயப் போனது. கோளாறு என்னவென்று பார்க்காத லிஃப்டில் ஆள் ஏறக்கூடாது என்பது தொழிலில் முதல் பாடம். அதை அவள் ஒருநாளும் மீறியதில்லை. ஆனால் பை ஆளா என்ன? தொழிலில் இருக்கிறவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை அது. சங்கிலியைக் கழற்றி, பையை உள்ளே வைத்து, மேல்மாடிப் பொத்தானை அமுக்கிவிட்டு, கதவு மூடுவதற்குள் வெளியே வந்துவிட்டாள். லிஃப்ட் கிளம்பியது. அவள் வெறும் தோளோடு, மனசுக்குள் தன்னையே மெச்சிக்கொண்டு படியேறினாள்.

மேல்மாடியில் டீச்சர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"லிஃப்ட் வந்துச்சா டீச்சர்?"

"எங்கம்மா வந்துது? கிளம்புற சத்தம் கேட்டுது. அப்புறம் சத்தத்தையே காணோம்."

அவள் மொட்டைமாடிக்கு ஓடினாள். தாவிப்போய் இயந்திர அறையைத் திறந்தாள். பெட்டி எங்கோ நடுவில் நின்றிருந்தது. டீச்சருக்குத் தானாகக் கிளம்பிய லிஃப்ட், இவளுக்கு எத்தனை நேரம் நின்றும் அசைவதாகக் காணோம். லிஃப்டை என்னவென்று கேட்கவேண்டிய ஒல்லிக்குச்சி அந்த லிஃப்டுக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கிறது. இணைப்பான்கள், உபரிகள், உபரிக்கு உபரிகள் எல்லாம் கூடவே. கையில் அறைச் சாவியும் கைப்பேசியும் மட்டும். அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது.

"கீழ வந்துட்டேன். லிஃப்ட் எங்க?" என்றார் மேலாளர்.

பொய் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. "நடுவுல நிக்குது சார். என் பை அதுக்குள்ள இருக்கு. நீங்க படியேறி வரணும், ஒரு ஆள் கை வேணும்" என்றாள். "வர்றேன்" என்று அவர் வைத்துவிட்டார்.

முடிந்தது கதை, நாற்காலிதான் என்று அவள் இறங்கிவந்து டீச்சர் வாசல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். திட்டுவார் என்று பார்த்தால், "உனக்கும் நின்னுதா? அப்பாடா! எனக்கு மட்டும்தான் நிக்குதுன்னு எல்லாரும் என்னைப் பைத்தியம் மாதிரி பாத்தாங்க" என்றார். ஏணியக்கா தண்ணீரை வாயில் வைத்தபடியே அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த உடம்பு தனியாக ஏறினால் நிற்கிறது. இரண்டு தடியன்கள் ஏறினால் ஓடுகிறது. பை மட்டும் ஏறினால் நிற்கிறது. மண்டைக்குள் ஏதோ ஒன்று அசைந்தது.

மேலாளர் வந்துசேர்ந்தபோது அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பேச மூச்சில்லாததால் திட்டவும் முடியவில்லை. அதுவும் நல்லதற்குத்தான். அவள் அவரை இயந்திர அறைக்கு அழைத்துப்போய், மின்சாரத்தை நிறுத்தி, சுவரில் தொங்கிய பிரேக் நெம்புகோலை எடுத்துக்கொண்டு, கைச்சக்கரத்தை அவரிடம் காட்டினாள். உள்ளே ஆள் இல்லாத பெட்டி. மறுபக்கத்தில் தொங்குகிற எதிர்ப்பளுதான் கனம். பிரேக்கை விட்டால் பெட்டி தானாகவே மேலே ஏறும், அது துள்ளி ஓடாமல் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள ஒருத்தர் வேண்டும்.

"ஞாபகம் இருக்கா சார்?"

"கைக்கு மறக்குமா?" என்றார் அவர். முதல் தடவையாக முகத்தில் சிரிப்பு வந்தது. அவள் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்க, அவர் சக்கரத்தை அடக்கி அடக்கித் திருப்பினார். மாடிக் கணக்குக்காகக் கம்பி வடத்தில் பூசியிருந்த மஞ்சள் குறி நேராக வந்ததும், "போதும்!" என்று கத்தினாள். பெட்டி ஒரு மாடிக்குச் சமமாக வந்து நின்றது.

மேலாளரே இயந்திர அறையில் மாட்டியிருந்த முக்கோணச் சாவியோடு இறங்கிப்போய், வெளியிலிருந்து கதவைத் திறந்து பையை எடுத்துவந்தார். உண்மையில் அவர் பையோடு வரவில்லை, பைதான் அவரை இழுத்துக்கொண்டு வந்தது.

"என்ன இது? நான் குடுத்தது ஒரு கிலோகூட வராதே! உள்ள என்ன, லிஃப்டையே கழட்டி வச்சிருக்கீங்களா?"

அவள் பையைக் கவிழ்த்தாள். கொட்டியதை அவர் குனிந்து எண்ணுகையிலேயே அவள் மின்சாரத்தைத் திரும்பப் போட்டாள். ஒல்லிக்குச்சியில் பலவழிப் பெட்டி, அதில் இணைப்பான், அதில் ஒயர் என்று தொடுத்துக்கொண்டே போய்க் கடைசியில் கட்டுப்பாட்டுப் பெட்டியில் செருகினாள். திரையில் லிஃப்ட் பச்சைப் பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் ஒப்பித்தது. பெட்டியின் தரைக்கு அடியில் எடையைப் பார்க்கிற உணரி, எடை ஒன்றுமில்லாததற்கும் கீழே போய்விட்டதாகச் சொல்லியிருக்கிறது. அப்படி ஓர் எடை உலகத்தில் கிடையாதே என்று லிஃப்ட் பயந்து நின்றிருக்கிறது. உள்ளே பொத்தானை அமுக்கினால்தான் அது எடையையே பார்க்கும், வெளியிலிருந்து கூப்பிட்டால் பார்க்காது.

"கனம் கொறஞ்சாத்தான் நிக்குது சார்! டீச்சர் தனியாப் போனா நிக்கும். நம்ம ஆளுங்க ரெண்டு ரெண்டு பேராப் போனாங்க, எப்படி நிக்கும்?"

கீழே போய்ப் பார்த்தார்கள். உணரியைப் பிடித்திருந்த திருகு தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. டீச்சர் உள்ளே அசைந்தபோது அது இடத்துக்கு வந்து லிஃப்டைக் கிளப்பிவிட்டிருக்கிறது, பைக்கு அசையத் தெரியாதே. இறுக்கினாள். மேலே வந்து, வெறும் பெட்டிக்கு என்ன எடையோ அதை மடிக்கணினி வழியாகத் திரும்பப் பதிந்தாள். பிறகு பையை மட்டும் மறுபடி லிஃப்டில் வைத்து அனுப்பினார்கள். இந்த முறை சோதனைக்காக. அது நிற்காமல் கொள்ளாமல் மேலே வந்து கதவைத் திறந்தது. திரும்பத் திரும்ப அனுப்பினார்கள், திரும்பத் திரும்ப வந்தது.

"இப்ப நான் போறேன்" என்றார் டீச்சர். அவர் தனியாக ஏறினார். கதவு மூடியது. ஏணியக்கா கதவுக்கு மேலே மாறுகிற மாடி எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெட்டி இறங்கிப் போய், பிறகு ஏறி வந்து, கதவு திறந்தது. உள்ளே டீச்சர் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அவர் வெளியே வந்து ஏணியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பொய் சொல்லலன்னு இப்பவாவது தெரிஞ்சுதே" என்றார். ஏணியக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் கதவு திறந்ததும் ஒருத்தர் அவளைத் தேடி வெளியே வந்தது இதுதான் முதல் தடவை.

மேலாளர் படியில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் போய் எதிரே நின்றாள்.

"பைய லிஃப்டுல விட்டது தப்புதான் சார். முதுகு தாங்கல. நாற்காலின்னா நாற்காலிதான், சொல்லிடுங்க."

"வேலையப் பாதியில விட்டீங்களா?"

"இல்ல."

"படுத்தீங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? நாற்காலிக்கு வேற ஆளப் பாத்துக்கறேன். ஆனா இனிமே பைய லிஃப்டுல அனுப்புனீங்கன்னா உங்களையும் கூடவே அனுப்பிருவேன்." தரையில் பரப்பியிருந்த வால்களையும் கொம்புகளையும் பார்த்தார். "அந்த இன்னொரு லேப்டாப் என் மேசையிலதான் தூங்குது. நாளைக்கு வந்து மாத்திக்கங்க. ஆபீசுல உக்காந்திருக்கிற எனக்கு இந்த ஒல்லி போதும்."

அப்பாடா! அவள் சுவரில் சாய்ந்து விட்ட மூச்சில், ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது. இறங்கும்போது லிஃப்டில் இறங்கலாம் என்றார் மேலாளர். அவள் வேண்டாம் என்று படியிலேயே இறங்கினாள். பையை அவர் லிஃப்டில் கொண்டுபோனார்.

புது மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்த அன்று பையை வேண்டுமென்றே வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனாள். வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். திறந்து பார்த்தார். உள்ளே மடிக்கணினி, சார்ஜர், ஒரே ஓர் ஒயர், கம்பெனிச் சாவி. வேறொன்றும் இல்லை.

"லேப்டாப் கனம் கூடியிருக்கு. பை கனம் பாதியாயிருச்சு" என்றவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயத்த எங்க வச்சுட்டு வந்த?" என்று கேட்டார்.

"மேலாளர் மேசையில" என்றாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் காலை கைப்பேசி அடித்தது. அதே தேன்குரல். "அக்கா, எங்க இருக்கீங்க?"

ஏணியக்கா ஒரு மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பை தோளில் இருந்தது. முதுகு சும்மா இருந்தது. மேலே இன்னும் பாதிக் கட்டிடம் பாக்கி.

"வேற எங்க? படியிலதான்" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.